ஜாங்கோ புதிதாகக் கற்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சனிக்கிழமை சாயங்காலம் சிலருக்கு, பைத்தானில் வெப்சைட் கட்டுவதற்கான ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கைச் சொல்லித்தருகிறேன். காலாப்பட்டுப் பக்கம் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள், திருப்பாதிரிப்புலியூரிலிருந்து பஸ் பிடித்து வருபவர்கள், கடலூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருபவர் என்று கலவையான கூட்டம். ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன. உதாரணங்கள் ஜாங்கோவைச் சார்ந்தவை. ஆனால் முதல் ஏழு கேள்விகளில் பெரும்பாலானவை வேறு ஃபிரேம்வொர்க் படிப்பவர்களுக்கும் பொருந்தும்.

1. ஃபிரேம்வொர்க்னா என்னக்கா? அது இல்லாம வெப்சைட் பண்ணவே முடியாதா?

தாராளமாகப் பண்ணலாம். ஒரு கடைக்கு முகவரி, திறந்திருக்கும் நேரம், நாலு படம் போதும் என்றால் எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் போதும். அதற்கு ஜாங்கோ போடுவது வீண் வேலை. ஆட்கள் லாகின் செய்ய வேண்டும், ஃபார்ம் நிரப்ப வேண்டும், நிரப்பியது டேட்டாபேஸில் சேர்ந்து நாளைக்கும் இருக்க வேண்டும் என்று வரும்போதுதான் ஃபிரேம்வொர்க் தேவைப்படுகிறது.

இந்த வேலைகள் எல்லாத் தளங்களுக்கும் பொது. எந்த முகவரிக்கு எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும், பாஸ்வேர்டை எப்படி மறைத்து வைப்பது, ஃபார்மில் வந்ததை எப்படிச் சரிபார்ப்பது என்பதையெல்லாம் ஏற்கெனவே யோசித்து முடித்த யாரோ எழுதிக் கொடுத்ததுதான் ஃபிரேம்வொர்க். ஜாங்கோவை 2003ல் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் ஏட்ரியன் ஹொலவாட்டியும் சைமன் வில்லிசனும் எழுதத் தொடங்கினார்கள். பொதுவெளிக்கு வந்தது 2005ல். பத்திரிகைக்காரர்களுக்குக் கெடு நேரம் துரத்தும். புரோகிராம் தெரியாதவர்களும் உட்கார்ந்து செய்தியை ஏற்றியாக வேண்டும். ஜாங்கோவில் டேட்டாவைச் சேர்க்கவும் திருத்தவும் உதவும் அட்மின் பக்கம் கேட்காமலேயே கிடைப்பதற்குக் காரணம் அந்தப் பிறந்த வீடுதான்.

2. ரியாக்ட் படிக்கவா, ஜாங்கோ படிக்கவா, லாரவெல் படிக்கவா? எதுக்கு ஸ்கோப் ஜாஸ்தி?

மூன்றும் ஒரே வேலைக்கானவை இல்லை. 2013ல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் பிரவுசருக்குள் ஓடுவது; திரையில் தெரிவதைக் கவனிக்கும். ஜாங்கோவும் லாரவெலும் சர்வரில் ஓடுபவை. முன்னது பைத்தான், பின்னது பிஎச்பி. ஆக உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

ஸ்கோப் கணக்குப் போட்டு ஆறு மாதத்தைப் போக்கியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். என் யோசனை வேறு. ஏற்கெனவே எந்த மொழி கொஞ்சம் தெரியும், சிக்கிக்கொண்டால் பக்கத்தில் யாரைக் கேட்க முடியும் என்று மட்டும் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணினி அறிவியல் படித்திருந்தால் பைத்தான் தொட்டிருப்பீர்கள்; கணினிப் பயன்பாடுகள் படித்திருந்தால் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் தொட்டிருப்பீர்கள். சிபிஎஸ்இ கணினி அறிவியலிலும் பைத்தான்தான். பிஎச்பி தெரிந்த அண்ணன் பக்கத்து வீட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு லாரவெல் போங்கள், எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஒன்றை ஒழுங்காகப் படித்தவருக்கு அடுத்தது சீக்கிரம் வரும். மூன்றையும் பதினைந்து பதினைந்து நாள் பார்த்தவருக்கு எதுவும் வராது.

3. பைத்தான் எவ்வளவு தெரிஞ்சிருக்கணும் மேடம்? முழுசா முடிச்சிட்டு வரவா?

முழுசாக முடிப்பது என்று ஒன்று கிடையாது. ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரி, லூப், வேறு ஃபைலிலிருந்து இம்போர்ட் செய்வது, கிளாஸ், ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வரவழைப்பது. இவ்வளவு போதும். கிளாஸ் தெரியாமல் வந்தால் மட்டும் கஷ்டம், ஏனென்றால் மாடல் (டேட்டாபேஸ் டேபிளின் வடிவம்) என்று ஜாங்கோவில் எழுதுவது எல்லாமே கிளாஸ்தான். டெக்கரேட்டரை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பைத்தானைவிட முக்கியமாக நான் பார்ப்பது இன்னொன்று. பிரவுசர் என்ன அனுப்புகிறது, சர்வர் என்ன திருப்பி அனுப்புகிறது என்பது புரிய வேண்டும். பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு, தினமும் போகும் ஏதாவது ஒரு தளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வரியும் ஒரு கோரிக்கை, அதற்கு ஒரு பதில். 200 என்றால் சரி, 302 என்றால் வேறு முகவரிக்குப் போகச் சொல்கிறது, 404 என்றால் அப்படி ஒன்று இல்லை, 500 என்றால் சர்வர் பக்கம் கோளாறு. ஜாங்கோவில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வியூவும் ஒரு கோரிக்கையை வாங்கி ஒரு பதிலைத் தரும் ஃபங்ஷன், அவ்வளவுதான். இது மண்டையில் ஏறிவிட்டால் மற்ற ஃபிரேம்வொர்க்குகளும் பாதி புரிந்த மாதிரி.

4. எனக்கு டிசைன் வராது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் வேணுமா?

எச்டிஎம்எல் வேண்டும். குறிப்பாக ஃபார்ம் டேக், அதில் கெட், போஸ்ட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது. தேடுவதற்கு கெட், எதையாவது சேர்க்கவோ மாற்றவோ போஸ்ட். சிஎஸ்எஸ்ஸுக்கு பூட்ஸ்ட்ராப் என்ற ரெடிமேட் தொகுப்பைப் போட்டுச் சமாளிக்கலாம். அழகு அப்புறம் வரட்டும்.

5. என் லேப்டாப் பழசு, 4 ஜிபி ரேம்தான். ஓடுமா?

ஜாங்கோ ஓடும். திணறுவது பெரும்பாலும் எடிட்டரும், குரோமில் திறந்து வைத்திருக்கும் இருபது டேபும்தான். விண்டோஸ் ரொம்ப இழுத்தால் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். விண்டோஸிலேயே இருப்பவர்கள் பைத்தான் நிறுவும்போது முதல் திரையின் அடியில் ‘பாத்’தில் சேர்க்கவா என்று கேட்கும் சின்னக் கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். ‘பைத்தான் கமாண்டே இல்லைன்னு சொல்லுதுக்கா’ என்று முதல் நாள் வரும் புகார்களில் முக்கால்வாசி அந்த டிக்கை மறந்ததால் வருவதுதான்.

ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் வையுங்கள், அதாவது நிறுவும் லைப்ரரிகளுக்குத் தனி ஃபோல்டர். ஒன்றில் பதிப்பை மாற்றினால் இன்னொன்று படுத்துக்கொள்ளாது. நெட் சரியில்லாத ஊரில் இருப்பவர்கள் ஜாங்கோவின் அதிகாரபூர்வ ஆவணங்களை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப் ஆகவே கிடைக்கிறது. போனில் படிக்கலாமா என்றும் கேட்கிறார்கள். படிக்கலாம், எழுதிப் பழக முடியாது.

6. யூடியூப்ல பார்க்கும்போது எல்லாம் புரியுது. தனியா உட்கார்ந்தா ஒரு வரி வரமாட்டேங்குது. எனக்கு மூளை இல்லையா?

மூளைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. பார்ப்பது வேறு பயிற்சி, எழுதுவது வேறு பயிற்சி. நீங்கள் முதலாவதை மட்டும் செய்திருக்கிறீர்கள். வீடியோவில் ஒரு பகுதி முடிந்ததும் அதை மூடிவிட்டு, காலி ஃபோல்டரில் ஆரம்பத்திலிருந்து அதையே எழுதிப் பாருங்கள். சிக்கும் இடத்தில் திறந்து பார்த்து மறுபடி மூடுங்கள். இரண்டாவது முறை பொருளை மாற்றுங்கள். அதிகாரபூர்வப் பாடத்தில் கேள்வியும் அதற்கு வாக்களிக்கும் விருப்பங்களுமாக ஒரு கருத்துக்கணிப்புத் தளம் கட்டுவார்கள். அதே அமைப்பில் பஸ் நிலையமும் அங்கிருந்து கிளம்பும் பஸ்களும் என்று மாற்றிக் கட்டுங்கள். பெயரை மாற்றும்போதுதான் எது ஜாங்கோ வைத்த பெயர், எது பாடம் எழுதியவர் வைத்த பெயர் என்று தெரியவரும். இந்த ஒரு குழப்பம் தெளிந்தாலே பாதி பயம் போய்விடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம்: நீங்கள் பார்க்கும் வீடியோ பழையது. ஜாங்கோவில் ஏறத்தாழ எட்டு மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வரும். பழைய வீடியோக்களில் முகவரிகளை ‘யூஆர்எல்’ என்ற ஃபங்ஷனால் எழுதுவார்கள். அது 4.0 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டது, இப்போது ‘பாத்’. வீடியோவில் ஓடியது உங்களிடம் இம்போர்ட் எரர் என்று நிற்பது இதனால்தான். 2.0 முதல், ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளின் வரியோடு இணைக்கும் ஃபாரின் கீ எழுதும்போது, மேலே உள்ளது அழிந்தால் கீழே உள்ளதை என்ன செய்வது என்று கட்டாயம் சொல்லியாக வேண்டும்; அதற்கு முந்தைய வீடியோக்களில் அது இருக்காது. எனவே எதைப் பார்ப்பதற்கு முன்னும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். புள்ளி இரண்டில் முடியும் 4.2, 5.2 போன்றவை நீண்டகால ஆதரவுப் பதிப்புகள், மூன்று வருடம் பாதுகாப்புத் திருத்தம் வரும். 5.2 வெளிவந்தது ஏப்ரல் 2025ல். கற்பவர்களுக்கு அதில் நின்றுகொள்வது நல்லது.

7. பெரிய எரர் வந்தா பயமா இருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பட்டுமா?

அனுப்புங்கள். ஆனால் அதற்கு முன் கடைசி வரியை நீங்களே படியுங்கள். டெர்மினலில் வரும் எரரை அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். கடைசி வரி என்ன ஆயிற்று என்று சொல்லும். அதற்கு மேலே போகப் போக எந்த ஃபைலில், எந்த வரியில் என்று இருக்கும். ஜாங்கோவின் சொந்த ஃபைல்களைத் தாண்டிப் போய், நீங்கள் எழுதிய ஃபைலின் பெயர் எங்கே வருகிறதோ அங்கே நில்லுங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எனக்கு வரும் ஸ்கிரீன்ஷாட் பலவற்றில் அந்தக் கடைசி வரிதான் வெட்டுப்பட்டிருக்கிறது!

அடிக்கடி வருபவை சில. ‘அப்படி ஒரு டேபிள் இல்லை’ என்றால் மைக்ரேட் கமாண்டை (8ஆம் பதிலில் வருகிறது) ஓட்டவில்லை. ‘டெம்ப்ளேட் இல்லை’ என்றால் ஃபோல்டர் பெயரில் எழுத்துப்பிழை, அல்லது ஆப்பை செட்டிங்ஸில் சேர்க்கவில்லை. ‘8000 போர்ட் பயன்பாட்டில் இருக்கிறது’ என்றால் இன்னொரு டெர்மினலில் சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

403 போட்டு சிஎஸ்ஆர்எஃப் சரிபார்ப்பு தோல்வி என்று வந்தால் பெரும்பாலும் ஃபார்முக்குள் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் டேகை விட்டிருப்பீர்கள். இணையத்தில் தேடினால் அந்தச் சோதனையையே நிறுத்திவிடச் சொல்லும் பதில் கிடைக்கும். செய்யாதீர்கள். உங்கள் தளத்தில் லாகின் ஆகியிருக்கும் ஒருவர் வேறொரு விஷமத் தளத்தைத் திறந்தால், அவருக்கே தெரியாமல் அவர் பெயரில் உங்கள் தளத்துக்கு ஃபார்ம் அனுப்ப முடியும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்த டோக்கன்.

8. மைக்ரேஷன் ஃபைல் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு திரும்பப் போட்டா சரியாயிடுது. அப்படியே பண்ணலாமா?

உங்கள் கணினியில், இழந்தால் பரவாயில்லை என்கிற டேட்டா மட்டும் இருக்கும்வரை பண்ணலாம். உண்மையான ஆட்களின் டேட்டா ஒரு வரி உள்ளே வந்துவிட்டாலும் கூடாது.

இங்கே இரண்டு கமாண்ட் இருக்கின்றன. மேக்மைக்ரேஷன்ஸ் என்பது மாடலில் நீங்கள் செய்த மாற்றத்தைப் பார்த்து, டேட்டாபேஸில் என்னென்ன மாற்ற வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். மைக்ரேட் அந்த ஃபைலைப் படித்து நிஜமாகவே மாற்றும். எதுவரை ஓட்டியாயிற்று என்பதை டேட்டாபேஸே ஒரு டேபிளில் குறித்து வைத்திருக்கிறது. ஃபைலை மட்டும் அழித்தால் அந்தக் குறிப்பும் ஃபைலும் ஒத்துப்போகாது, அப்புறம்தான் விதவிதமான எரர் வரும். மைக்ரேஷன் ஃபைல்களையும் மற்ற கோடு மாதிரியே கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) சேர்த்து வையுங்கள்.

9. ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா குடுங்கக்கா. டு-டு லிஸ்ட் போட்டுட்டேன், அடுத்து அமேசான் மாதிரி பண்ணலாம்னு இருக்கேன்.

அமேசான் மாதிரி வேண்டாம். முடிக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் நோட்டில் எழுதி வைத்திருப்பதைத் தளமாக மாற்றுங்கள். பண்ருட்டியில் சித்தப்பா முந்திரி வாங்கி விற்கிறாரா, அவருடைய கணக்கு நோட்டு. தெருவில் பேப்பர் போடும் ஏஜெண்டின் பாக்கி நோட்டு. வீட்டுக்குப் பின்னால் தையல் மெஷின் போட்டிருக்கும் அக்காவின் அளவு நோட்டு.

அந்தத் தையல் நோட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் பெயர், போன் எண், உயரம், தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், முன்பணம், கொடுக்க வேண்டிய தேதி என்று இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரே டேபிள். உற்றுப் பார்த்தால் இடுப்பு 30 என்பதை அடித்து 32 என்று எழுதியிருக்கும், பக்கத்தில் ‘தீபாவளி’ என்று குறிப்பு. ஆக, அளவு காலத்துக்குக் காலம் மாறும், பழையதும் வேண்டும். வாடிக்கையாளர் ஒரு மாடல், அளவு இன்னொரு மாடல், இரண்டுக்கும் நடுவே ஃபாரின் கீ. இன்னும் பாருங்கள்: ஒரே போன் எண் இரண்டு பெயர்களுக்கு இருக்கும். அம்மாவும் மகளும். போன் எண்ணை யுனிக் (ஒருமுறைக்கு மேல் வரக் கூடாது) என்று போட்டிருந்தால் மகளுடைய சுடிதார் அளவைச் சேர்க்கவே முடியாது. நோட்டைக் கையில் வாங்காமல் இது உங்களுக்குத் தோன்றியிருக்காது. முன்பணம் என்ற கட்டத்தில் ‘200+100’ என்று எழுதியிருந்தால் பணம் தவணையாக வருகிறது, அதுவும் தனி மாடல். ஃபாரின் கீ என்றால் என்ன என்று நான் பலகையில் விளக்குவதைவிட ஒரு நோட்டு நன்றாக விளக்கிவிடும்.

முதலில் அட்மின் பக்கத்தை மட்டும் வைத்து அந்த அக்காவை ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் அழகாக வேண்டும் என்று அவரே சொல்வார்.

10. போன் நம்பர், பின்கோடு எல்லாம் இன்டிஜர் ஃபீல்டுதானே?

இல்லை. புதுச்சேரியின் எஸ்டிடி கோடு 0413, கடலூருக்கு 04142. எண்ணாகச் சேமித்தால் முன்னால் இருக்கும் சைபர் போய் 413, 4142 என்று நிற்கும். கூட்டிக் கழிக்கப் போவதில்லை என்றால் அது எழுத்துதான், சார்ஃபீல்டு போடுங்கள். பணத்துக்கு ஃப்ளோட் வேண்டாம், டெசிமல்ஃபீல்டு போடுங்கள். பைத்தானில் 0.1 உடன் 0.2ஐக் கூட்டிப் பாருங்கள், ஏன் என்று புரியும்.

11. தமிழ்ல தலைப்பு போட்டா லிங்க் காலியா வருது. ஜாங்கோவுக்குத் தமிழ் தெரியாதா?

தெரியும். செட்டிங்ஸில் மொழியைத் தமிழ் என்று மாற்றினால் அட்மின் பக்கத்தில் பல சொற்கள் தமிழில் வரும். டேட்டாபேஸிலும் தமிழ் சிக்கலில்லாமல் சேரும். பிரச்சினை ஸ்லக்கில். தலைப்பை முகவரிக்கு ஏற்றபடி மாற்றும் ஸ்லக்கிஃபை ஃபங்ஷன் இயல்பாக ஆங்கில எழுத்து, எண்களைத் தவிர மற்றதைத் தூக்கி எறிந்துவிடும். முழுத் தலைப்பும் தமிழ் என்றால் மிஞ்சுவது காலி.

யூனிகோடை அனுமதி என்று ஒரு வசதி இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். போட்டுப் பாருங்கள். ‘கடலூர் மீன் சந்தை’ என்பது ‘கடலர-மன-சநத’ என்று வரும். பைத்தான் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்துக் கணக்கில் சேர்ப்பதில்லை, அதனால் கொம்பும் காலும் புள்ளியும் உதிர்ந்துவிடுகின்றன. புதுச்சேரி ‘பதசசர’ ஆகிவிடும். ஆகவே முகவரியில் ஐடி எண்ணை வையுங்கள், அல்லது ஆங்கில எழுத்தில் ஸ்லக்கைக் கையால் எழுதுங்கள். நான் ஐடியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இதே காரணத்தால் நீளக் கணக்கும் ஏமாற்றும். நமக்குக் கடலூர் நாலு எழுத்து, பைத்தானுக்கு ஆறு. தமிழ்த் தலைப்புக்கு அதிகபட்ச நீளத்தைத் தாராளமாக வையுங்கள்.

12. நேரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது. பைத்தான்ல கூட்டிப் போட்டுடவா?

கூட்டாதீர்கள். புது ப்ராஜெக்ட்டில் நேர மண்டலம் யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருக்கும். செட்டிங்ஸில் அதை ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். டேட்டாபேஸில் யூடிசியாகவே இருக்கட்டும், காட்டும்போது ஜாங்கோ மாற்றிக்கொள்ளும். இப்போதைய நேரம் வேண்டும் என்றால் பைத்தானின் டேட்டைமிடம் கேட்காமல் ஜாங்கோவின் டைம்ஜோனிடம் கேளுங்கள். இதை ஒதுக்கி வைத்தால் ராத்திரி பன்னிரண்டிலிருந்து காலை ஐந்தரை வரை போட்ட பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

13. ஏஐ கிட்ட சொன்னா முழு ஆப்பும் எழுதிக் குடுத்துடுதே. நான் ஏன் படிக்கணும்?

வேலையை அதுவே முடித்துக் கொடுத்துத் தையல்கார அக்காவும் திருப்தியாக இருந்தால் படிக்க வேண்டாம்தான். ஆனால் ஏதோ ஒரு நாள் ‘மகள் அளவு சேர மாட்டேங்குதே’ என்று அவர் போன் செய்வார். அப்போது 9ஆம் பதிலில் சொன்ன காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. எரரைக் கொடுத்து விளக்கம் கேளுங்கள், நீங்கள் எழுதியதைக் கொடுத்து என்ன குறை என்று கேளுங்கள். எழுதித் தரச் சொன்னால் ஒவ்வொரு வரியையும் உரக்க விளக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். 6ல் சொன்ன பழைய பதிப்புத் தொல்லை இதிலும் உண்டு: பழைய கோடையும் புதிய கோடையும் கலந்து கொடுத்துவிடும். வாடிக்கையாளரின் உண்மையான பெயர், போன் எண்களை அதில் ஒட்டாதீர்கள்.

14. பணம் கட்டி கோர்ஸ் சேரலாமா? சர்டிஃபிகேட் இருந்தாதான் வேலைன்னு சொல்றாங்க.

சேருவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தப் பதிப்பில் சொல்லித்தருகிறீர்கள்? நான் எழுதிய கோடை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்துவார்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். பாடம் இலவசமாகவே கொட்டிக்கிடக்கிறது; அதிகாரபூர்வப் பாடம் இருக்கிறது, ரொம்பப் புதியவர்களுக்கு ஜாங்கோ கேர்ள்ஸ் பாடம் இருக்கிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றிப் படிக்கக் கணியம் தளம் இருக்கிறது. பணம் கொடுத்துப் பெற வேண்டியது திருத்தம் மட்டும்தான்.

அதுகூட நம் பக்கத்தில் சும்மா கிடைக்க வழி உண்டு. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு, புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் என்று கூடிப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்படாமல் போய் உட்காருங்கள். நேர்காணலில் சர்டிஃபிகேட்டைவிட, நீங்களே கட்டிய ஒரு தளத்தைத் திறந்து காட்டி, இதை ஏன் இப்படிச் செய்தேன் என்று ஐந்து நிமிடம் பேசுவது எடுபடும்.

15. என் லேப்டாப்ல ஓடுது. சர்வர்ல போட்டா சிஎஸ்எஸ் எல்லாம் காணோம்!

செட்டிங்ஸில் எரர் விவரங்களைக் காட்டும் டீபக்கை ஃபால்ஸ் ஆக்கியிருப்பீர்கள், அது சரிதான். டீபக் இயங்கும்போது ரன்சர்வர் ஸ்டாட்டிக் ஃபைல்களையும் (சிஎஸ்எஸ், படம் போன்றவை) சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது கொடுக்காது. கலெக்ட்ஸ்டாட்டிக் ஓட்டி எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒயிட்நாய்ஸ் மாதிரி ஒன்றையோ என்ஜின்எக்ஸையோ கொடுக்கச் சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் வரவில்லையே என்று டீபக்கைத் திரும்ப ட்ரூ ஆக்கி ஊருக்கு விடாதீர்கள். எரர் வந்தால் உங்கள் கோடும் செட்டிங்ஸில் பலதும் பார்ப்பவருக்கெல்லாம் தெரியும்.

கூடவே சில: உங்கள் டொமைன் பெயரை அலவுட் ஹோஸ்ட்ஸில் சேருங்கள். சீக்ரெட் கீயை கிட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டீர்களா, புதிதாக ஒன்று உருவாக்குங்கள், பழையதை அழிப்பது மட்டும் போதாது. ரன்சர்வர் உங்கள் மேசைக்கு மட்டும்தான், வெளியே குனிகார்ன் போன்ற ஒன்று வேண்டும். சில இலவசச் சேவைகள் ஒவ்வொரு முறை புதிதாக ஏற்றும்போதும் டிஸ்கைத் துடைத்துவிடும். அங்கே எஸ்க்யூலைட் (ஒரே ஃபைலில் டேட்டாவை வைக்கும் டேட்டாபேஸ்) வைத்திருந்தால் டேட்டா மொத்தமும் காலி. ஏற்றுவதற்கு முன் செக் கமாண்டை டிப்ளாய் என்ற வசதியோடு ஓட்டினால், எதையெல்லாம் விட்டிருக்கிறீர்கள் என்று ஜாங்கோவே பட்டியல் போட்டுத் தரும்.

16. பத்து கஸ்டமர் இருக்கும்போது வேகமா இருந்துச்சு. இப்போ நூறு ஆர்டர் வந்ததும் பக்கம் இழுக்குது.

நூறெல்லாம் ஒரு எண்ணிக்கையே இல்லை. ஆர்டர் பட்டியலை எடுக்க டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி, பிறகு லூப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரைக் காட்ட ஒரு கேள்வி. மொத்தம் 101 முறை டேட்டாபேஸைத் தட்டுகிறீர்கள். செலக்ட் ரிலேட்டட் போட்டால் ஒன்றாகிவிடும். எதிர்த்திசையில், அதாவது ஒரு வாடிக்கையாளரின் பல அளவுகளை எடுக்கும்போது, ப்ரீஃபெட்ச் ரிலேட்டட். ஜாங்கோ டீபக் டூல்பாரை நிறுவிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் எத்தனை கேள்வி கேட்கிறது என்று ஓரத்தில் காட்டும்.

17. ரியாக்டை எப்போ சேர்க்கலாம்?

ஃபார்ம் அனுப்பினால் பக்கம் புதுப்பித்து வருவது உங்கள் பயனருக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக இருக்கும்போது. அதுவரை டெம்ப்ளேட் போதும். தையல் கடைக்கு ஒருபோதும் தேவைப்படாமலும் போகலாம்.

18. ஒயிட் டவுன்ல ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு புக்கிங் பண்றேன். ஒரே ரூமை ரெண்டு பேர் ஒரே செகண்ட்ல புக் பண்ணிட்டா?

இதைக் கேட்பவர் தேறிவிட்டார். இரண்டு பகுதி இருக்கிறது. முதலில், இரண்டு தேதி வரம்புகள் மோதுகின்றனவா என்று பார்ப்பது. பலர் நாலைந்து நிபந்தனை எழுதிக் குழம்புகிறார்கள். இரண்டே போதும்: புதியவர் வரும் தேதி பழையவர் போகும் தேதிக்கு முன்னால் இருக்கிறதா, புதியவர் போகும் தேதி பழையவர் வரும் தேதிக்குப் பின்னால் இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் மோதல்.

அடுத்தது நீங்கள் கேட்ட ‘ஒரே செகண்ட்’. இருவருக்கும் சோதனை ஓடுகிறது, இருவருக்கும் காலி என்று வருகிறது, இருவருமே சேமித்துவிடுகிறார்கள். வார இறுதியில் புதுச்சேரியில் ரூமுக்கு இருக்கும் அடிதடியில் இது நடக்கக்கூடியதுதான். வியூவில் எத்தனை இஃப் போட்டாலும் இது நிற்காது. அட்டாமிக் ட்ரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது) அந்த ரூமின் வரியை செலக்ட் ஃபார் அப்டேட் மூலம் பூட்டிவிட்டுச் சோதித்துச் சேமிக்க வேண்டும். இரண்டாமவர் பூட்டு திறக்கும்வரை காத்திருப்பார். ஆனால் எஸ்க்யூலைட்டில் செலக்ட் ஃபார் அப்டேட்டுக்கு எந்த விளைவும் கிடையாது. எரரும் வராது, பூட்டும் விழாது. உங்கள் லேப்டாப்பில் சோதித்துப் பார்த்து நிம்மதி அடைய முடியாத இடம் இது. போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாறிவிடுங்கள். அங்கே போனால் ஜாங்கோ 3.0 முதல் எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது: ஒரே ரூமுக்கு மோதும் தேதிகளை டேட்டாபேஸே ஏற்க மறுத்துவிடும். இரண்டையும் போடுவது நல்லது.

அப்புறம், தேதிகளை ஒப்பிடும்போது சமக்குறி சேர்க்காதீர்கள். ஒருவர் காலையில் காலி செய்த ரூமுக்கு அன்று மதியமே இன்னொருவர் வருவார். சமக்குறி போட்டால் அது மோதல் என்று வந்து, ஒவ்வொரு புக்கிங்குக்கும் நடுவே ஒரு ராத்திரி ரூம் சும்மா கிடக்கும், முதலாளி உங்களைத்தான் தேடுவார்.